குட்டி போடுவது எது? 23 இறாத்தல் தேயிலையும் ஒரு வளர்ச்சிச் சார்பும்

கரும்பலகையில் மூன்றே வரிகள்தான் எழுதினேன். 1873: 23 இறாத்தல். 1880: 81.3 தொன். 1890: 22,900 தொன். பக்கத்தில் "இலங்கைத் தேயிலை" என்று எழுதி, "இதற்கு ஒரு சார்பு கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். வெளியே ஆடி மழை. எங்கள் தகரக் கூரையின் கீழ் அந்த மழையோடு போட்டி போட்டுப் பேசி எந்த ஆசிரியரும் வென்றதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் நீளமான கணக்காகக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

ஹட்டனுக்கு அருகே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களில் ஒன்பது பேர் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். ஒரு பாடவேளையில் முடிந்திருக்க வேண்டிய கணக்கு மூன்று வாரம் இழுத்தது. நாங்கள் எங்கெங்கே இடறினோம் என்பதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். ஆண்டுதோறும் ஒரே மடங்காகப் பெருகும் அடுக்குக்குறிச் சார்பைப் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும் அதை உண்மையான ஒரு வளர்ச்சியின்மீது வைத்துப் பார்ப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது அந்த மூன்று வாரத்தில்தான் எனக்கே விளங்கியது.

முதலில் அந்த எண்களின் வரலாறு. 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். விற்பனைக்கென்று இலங்கையில் தேயிலை பயிரிட்டது அங்கேதான் தொடங்கியது என்று எழுதுவார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1873இல், லூல்கந்துரவின் தூள் 23 இறாத்தல் லண்டன் போய்ச் சேர்ந்தது. இன்றைய கணக்கில் 10.4 கிலோ. ஒருவர் தலையில் வைத்து மலை இறங்கிவிடலாம். 1880க்கு உரிய 81.3 தொன்னும் 1890க்கு உரிய 22,900 தொன்னும் நாட்டின் ஆண்டு உற்பத்தி. முதல் எண் ஒரு பொதியின் எடை, மற்ற இரண்டும் ஒரு நாட்டின் விளைச்சல் என்பதைப் பிள்ளைகளிடம் நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன்.

மடக்கை (log) புத்தகங்கள் வெளியே வந்தன. எங்கள் பிள்ளைகள் மடக்கை அட்டவணையில் விரல் வைத்து வரிசை தேடும் வேகம் பார்க்க அழகாக இருக்கும். எல்லாவற்றையும் கிலோவாக மாற்றி மடக்கை எடுத்தால் 10.4க்கு 1.017, 81,300க்கு 4.910, 2 கோடியே 29 இலட்சத்துக்கு 7.360. வளர்ச்சி ஒவ்வோர் ஆண்டும் ஒரே பெருக்கத்தில் நடந்திருந்தால், மடக்கைகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவால் கூடவேண்டும். அதாவது பெருக்கல் விருத்திக்கு மடக்கை எடுத்தால் கூட்டல் விருத்தி. வரைபுத் தாளில் நேர்கோடு விழவேண்டும்.

விழவில்லை. முதல் ஏழு ஆண்டுகளில் மடக்கை 3.893 கூடியிருக்கிறது, ஆண்டுக்கு 0.556. அடுத்த பத்து ஆண்டுகளில் 2.450, ஆண்டுக்கு 0.245. முதல் பகுதியில் உற்பத்தி ஆண்டுதோறும் 3.6 மடங்காகியிருக்கிறது, இரண்டாம் பகுதியில் 1.758 மடங்கு. கோடு 1880இல் முறிந்து சாய்ந்தது.

"டீச்சர், 1873 கணக்கு பிழை" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. "ஒரு பெட்டி அனுப்பினால் அதுதான் அந்த வருட உற்பத்தியா? தோட்டத்திலேயே குடித்திருக்கமாட்டார்களா, கண்டியில் விற்றிருக்கமாட்டார்களா?"

இதற்குத்தான் காத்திருந்தேன். உண்மையான உற்பத்தி 23 இறாத்தலுக்குப் பதில் 230 இறாத்தல் என்று வைத்துப் பார்க்கச் சொன்னேன். பெருக்கம் 3.6இலிருந்து 2.59க்கு இறங்கியது. தொடக்கப்புள்ளி மிகச் சிறியதாக இருந்தால் அதில் இருக்கும் சிறு ஐயமும் வீதத்தைத் தூக்கியடித்துவிடும். புதிதாகத் தொடங்கிய எந்தத் தொழிலும் "ஆயிரம் மடங்கு வளர்ந்தோம்" என்று மார்தட்டும்போது, எதிலிருந்து ஆயிரம் மடங்கு என்று கேட்கவேண்டியிருப்பது இதனால்தான். 1873ஐ அழித்துவிட்டு, ஓரளவு நம்பத்தக்க இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டோம். சார்பு இப்படி வந்தது:

உற்பத்தி = 81.3 × (1.758)இன் ஆ-ஆம் வலு

ஆ என்பது 1880இலிருந்து கழிந்த ஆண்டுகள். இரட்டிப்பாக எடுக்கும் காலம் 2இன் மடக்கையை 0.245ஆல் வகுத்தால் 1.23 ஆண்டு, ஏறக்குறைய பதினைந்து மாதம். விடை சரி, எல்லோருக்கும் முழுப் புள்ளி. இந்த இடத்தில் மணி அடித்திருந்தால் நானும் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பின்வரிசையில் ஒருவன் மட்டும் எழுதிக்கொண்டேயிருந்தான். சார்பு கையில் இருக்கிறதே என்று 1900க்கும் கணக்குப் பார்த்திருக்கிறான். 7.360உடன் 2.450 கூட்டினால் 9.810. எதிர்மடக்கை எடுத்துத் தொன்னாக்கினால் 64 இலட்சத்து 60 ஆயிரம் தொன். "கூடிப்போய்விட்டதா, டீச்சர்?" என்றான். அண்மை ஆண்டுகளில் சீனா, இந்தியா, கென்யா, இலங்கை எல்லாம் சேர்ந்து உலகமே விளைவித்த தேயிலை 65 இலட்சம் தொன் அளவில்தான் இருக்கிறது. இலங்கையின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்றான 2013இல்கூட நாம் எடுத்தது சுமார் 3 இலட்சத்து 40 ஆயிரம் தொன்.

அவன் கேலிக்குப் பயந்து கொப்பியை மூடப் பார்த்தான். மூடவிடவில்லை. நிலத்துக்கும் இதையே செய்யச் சொன்னேன். 1867இல் 19 ஏக்கர். 1899இல் தேயிலை நிலம் 4 இலட்சம் ஏக்கரை நெருங்கிவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டில் 21 ஆயிரம் மடங்கு. ஆண்டுக்கு 1.365 மடங்கு, இரட்டிப்புக் காலம் 2.23 ஆண்டு. இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், ஏக்கரில் 1 கோடியே 62 இலட்சம். 4 இலட்சத்திலிருந்து அதைத் தொட ஐந்தரை இரட்டிப்புக்கூட வேண்டாம். 1911ஆம் ஆண்டளவில் இலங்கை முழுதும் தேயிலை! யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பில் தேயிலை, மட்டக்களப்பு வாவிக்குள் தேயிலை, சிவனொளிபாதமலை உச்சியில் பாதச் சுவட்டின் மேலேயே ஒரு வரிசை. வகுப்பு சிரித்து ஓய்ந்தபிறகு இன்றைய நிலவரத்தைச் சொன்னேன்: சுமார் 5 இலட்சம் ஏக்கர். முப்பத்திரண்டு ஆண்டில் 21 ஆயிரம் மடங்கு வளர்ந்த நிலம், அதற்குப் பிந்திய நூற்றிருபது ஆண்டுகளில் ஒன்றேகால் மடங்குதான் வளர்ந்திருக்கிறது.

நிலம் தீர்ந்துபோனதால் வளர்ச்சி நின்றது என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். பல பாடப்புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு வேறொன்று உறுத்தியது. வளர்ச்சி ஏன் நின்றது என்பது சுலபமான கேள்வி. அது ஏன் அப்படி வளர்ந்தது?

வட்டியும் துருவும்

"வட்டி குட்டி போடும்" என்று நம் ஊரில் சொல்வதைவிடச் சுருக்கமாக அடுக்குக்குறி வளர்ச்சியை யாரும் சொல்லிவிட முடியாது. மாற்ற வீதம் அந்த நேரத்தில் இருக்கும் அளவுக்கு நேர்விகிதசமம் என்று வகுப்பில் எழுதிப்போடுகிறோமே, அதன் பொருள் இதுதான். இருப்பது குட்டி போடுகிறது, குட்டியும் வளர்ந்து குட்டி போடுகிறது.

இதை நான் கணிதம் படிக்குமுன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா ஒருவரிடம் 50,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மூன்று, மாத வட்டி. இரண்டு வருடத்தில் வட்டி 36,000 ஆகும், மொத்தம் 86,000 கொடுத்தால் போதும் என்பது அப்பாவின் மனக்கணக்கு. கட்டாத மாதத்து வட்டியையெல்லாம் அந்த மனிதர் முதலோடு சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். 1.03இன் 24ஆம் வலு 2.0328. கேட்ட தொகை 1,01,640. அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கணக்கில் பிழை இல்லை. பேச்சில்தான் "கூட்டு" என்ற சொல்லைக் கடன் கொடுத்தவர் சொல்லாமல் விட்டிருந்தார். வட்டி வீதம் மூன்றென்றால் 72ஐ மூன்றால் வகுத்து, 24 மாதத்தில் கடன் இரட்டிக்கும் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடலாம். இந்தச் சூத்திரத்தை நான் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

வட்டி குட்டி போடுவது தெரிகிறது. தேயிலையில் குட்டி போட்டது எது? செடியா? அன்று தேயிலை விதையிலிருந்துதான் நடப்பட்டது, ஒரு செடி பல விதை கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் நட்ட செடியில் முதல் கொழுந்து கிள்ளவே மூன்று நான்கு வருடம் போய்விடும். மூன்று வருடம் மலடாக இருக்கும் ஒன்று பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை தானாக இரட்டிக்க வழியில்லை.

அந்தக் காலத்து மலைநாட்டில் உண்மையாகவே குட்டி போட்டுக்கொண்டிருந்தது வேறொன்று. அதை ஒரு மாணவி மறுநாள் கையிலேயே கொண்டுவந்தாள். அவர்கள் லயத்துக்குப் பின்னால், வாழைக்குப் பக்கத்தில், யாரும் நடாத ஒரு கோப்பிச் செடி நிற்கிறதாம். அதன் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக வட்டப் பொட்டுகள். விரலால் தடவினால் மஞ்சள்தூள்போல ஒட்டுகிறது, ஊதினால் பறக்கிறது. விரலில் ஒட்டிய அந்த ஒரு தடவலில் இருக்கும் வித்திகளை எண்ணி முடிக்க முடியாது. கோப்பித் துரு.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இது முதலில் கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போக, பூஞ்சை அறிஞர் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். முதற்சொல் அதன் வித்தி பாதி வழுவழுப்பாக இருப்பதைச் சொல்கிறது, இரண்டாவது சொல் நாசகாரி என்பது. பெயர் வைக்கும்போதே ஜாதகமும் எழுதிவிட்டார்! 1880இல் இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் அதை ஆராய்ந்தவர் ஹரி மார்ஷல் வார்ட். வித்தி காற்றில் பறந்து இலையில் விழுந்து, ஈரம் கிடைத்தால் முளைத்து, இலையின் துளை வழியே உள்ளே போகிறது என்பதையும், மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதுதான் அதற்கு விருந்தாகிவிட்டது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

சார்பு என்று பார்த்தால் துருதான் எங்கள் ஆய்வில் மிகச் சுத்தமான உதாரணம். ஒரு பொட்டு, சில வாரங்களில் வித்தி, வித்தி காற்றில், புதுப் பொட்டுகள். ஒரு பொட்டு ஒரு சுற்றில் பத்துப் பொட்டுகளை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறாம் சுற்றில் பத்து இலட்சம். இங்கே பெருக்கம் ஏன் மாறிலியாக இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறது: ஒவ்வொரு பொட்டும் மற்றப் பொட்டைப்போலவே நடந்துகொள்கிறது, விழ இலை இருக்கும்வரை.

பூஞ்சை இப்படிப் பாய்ந்தும் கோப்பி ஏற்றுமதி மறுநாளே விழவில்லை. 1870இல் சுமார் 4 கோடியே 50 இலட்சம் கிலோ, 1889இல் சுமார் 23 இலட்சம் கிலோ. இரண்டு முனைகளையும் இணைத்தால் ஆண்டுக்குப் பதினான்கரை சதவீத வீழ்ச்சி, அரைவாசியாகும் காலம் 4.4 ஆண்டு என்று அழகாக வரும். அந்த அழகு ஏமாற்று. கோப்பி விலை ஏற ஏற, தோட்டத் துரைமார் நோயைப் பொருட்படுத்தாமல் புதுக்காடு வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டேயிருந்தார்கள். உச்சத்தில் அது 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கர் வரை போனது. இலையில் துரு பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கணக்குப் புத்தகம் நலமாகவே இருந்தது. கணக்குப் புத்தகம் படுத்தபோது இலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இரண்டு வளைகோடுகளும் தோற்ற இடம்

இரண்டாம் வாரம் "எல்லையுள்ள வளர்ச்சி"க்குப் போனோம். தொடக்கத்தில் அடுக்குக்குறிபோல எழுந்து, நடுவில் செங்குத்தாகி, மேலே ஓர் எல்லையை நெருங்கும்போது தளர்ந்து படுக்கும் வளைகோடு. படுத்த பாம்பு தலையைத் தூக்கி மறுபடி நீட்டிப் படுத்ததுபோல இருக்கும். இதில் மாற்ற வீதம் இருக்கும் அளவுக்கும், எல்லைக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்துக்கும் சேர்த்து விகிதசமம். எல்லை 5 இலட்சம் ஏக்கர் என்று வைத்து, 1867, 1899 என்ற அதே இரு புள்ளிகளினூடாக வரைந்தோம். கோடு நன்றாக உட்கார்ந்தது. மிகச் செங்குத்தான இடம் 1895. இலங்கை முழுதும் தேயிலை என்ற கேலிக்கூத்து ஒழிந்தது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான், ஓர் இரவு.

இரண்டு புள்ளிகள் வழியே போகும் கோட்டை மூன்றாவது புள்ளியில் சோதிக்காமல் விடக்கூடாது என்று நானே வகுப்பில் முழங்குகிறவள். 1890இன் நிலப்பரப்பு என்னிடம் இருக்கவில்லை, ஆனால் விளைச்சல் இருந்தது: 22,900 தொன். புது வளைகோட்டின்படி 1890இல் தேயிலை நிலம் 67 ஆயிரம் ஏக்கர். அப்படியானால் ஏக்கருக்கு 340 கிலோ தூள். பழைய அடுக்குக்குறிக் கோட்டின்படி நிலம் 24 ஆயிரம் ஏக்கர்தான்; ஏக்கருக்கு 940 கிலோ! இன்று உரமும் நல்லினச் செடியும் இருந்தும் நாட்டுச் சராசரி ஏக்கருக்கு ஐந்நூறு கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. 340ஐயாவது ஏற்கலாமே என்றான் பின்வரிசைக்காரன். செடி கொழுந்து தர நான்கு வருடம் ஆகுமென்பதை அவனுக்கு நினைவூட்டினேன். 1890இல் கிள்ளிய செடி 1886இலாவது நட்டதாக இருக்கவேண்டும். 1886இல் அந்த வளைகோடு காட்டும் நிலம் 17,600 ஏக்கர். அதிலிருந்து 22,900 தொன் எடுக்க ஏக்கருக்கு 1,300 கிலோ வேண்டும். நடக்கிற காரியமா?

இரண்டு கோடுகளும் ஒரே திசையில் பிழைக்கின்றன. உண்மையில் 1880களின் நடுவிலேயே கோடுகள் சொல்வதைவிட மிக அதிக நிலம் தேயிலையாகிவிட்டிருக்கிறது. இன்றைய விளைச்சலில் பாதி கிடைத்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் சுமார் 92 ஆயிரம் ஏக்கர் முற்றிய தேயிலை தேவை. கோடுகள் ஏன் பின்தங்கின? இருக்கும் தேயிலைதான் அடுத்த தேயிலையை உண்டாக்குகிறது என்று இரண்டுமே நம்பியதால். அந்த நம்பிக்கை கோடுகளைப் போட்ட எங்களுடையது.

பத்தொன்பது ஏக்கர் குட்டி போட்டு நான்கு இலட்சம் ஏக்கர் ஆகவில்லை. காடு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. கோப்பிக்காக. வீதி போட்டிருந்தது, கோப்பிக்காக. கண்டிக்கு 1867இல் வந்த ரயில் நாவலப்பிட்டிக்கு 1874இல் ஏறியதும் கோப்பி மூட்டையை இறக்கத்தான். 1885இல் அது நானுஓயாவைத் தொட்டபோது கோப்பி சாகக் கிடந்தது. தண்டவாளம் தேயிலைக்கு வாய்த்தது. துரை பக்கத்து மலையைப் பார்த்தார்: அங்கே தேயிலை பிழைத்திருக்கிறது, தன் கோப்பி பட்டுப்போயிருக்கிறது. வேறென்ன செய்வார்? குட்டி போட்ட ஒன்று உண்டென்றால் அது பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து நடும் பழக்கம்தான் என்பது என் முடிவு. அந்தப் பழக்கத்துக்கு மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை. வெறும் நிலம் தயாராகக் கிடந்தால் ஒரு பருவத்திலேயே தாவிவிடும்.

ஆகவே 1.758 என்ற எண் தேயிலையின் இயல்பு என்று எழுதினால் பிழை. அதில் பாதி கோப்பியின் சாவு.

பறித்தது யார்

மூன்றாவது வாரம் பாடம் என் கையைவிட்டுப் போய்விட்டது. 1873 கணக்கு பிழை என்று சொன்னவளே கேட்டாள்: "நிலம் கோப்பியிடமிருந்து வந்தது. சரி. இவ்வளவு கொழுந்தையும் பறித்தது யார், டீச்சர்?"

யாரென்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை பேர் என்பதைத்தான் கணக்காக்கினோம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். 22,900 தொன்னுக்கு 10 கோடியே 30 இலட்சம் கிலோ கொழுந்து. அன்றைய நாளொன்றின் அளவுக்குப் பதில் இன்று பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கும் 18 கிலோவை வைத்துக்கொண்டோம். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று: "பேர்" என்றால் ஒரு நாள் வேலை. கேட்ட கிலோ வந்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். 10 கோடியே 30 இலட்சத்தை 18ஆல் வகுத்தால் 57 இலட்சம் பேர். ஆளொருவர் வருடத்தில் 300 நாள் மலைக்குப் போகிறார் என்றால் 19 ஆயிரம் கைகாரிகள். கவ்வாத்து வெட்டவும், புல் எடுக்கவும், கான் வெட்டவும், ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கவும் வேண்டிய ஆட்கள் இதில் இல்லை. 1880இன் 81.3 தொன்னுக்கு இதே கணக்குப் போட்டால் 68 கைகாரிகள்.

68இலிருந்து 19 ஆயிரம், பத்தே ஆண்டில். வரைபுத் தாளில் இதுவும் அதே கோடுதான், ஒரே எண்ணால் பெருக்கியும் வகுத்தும் வந்ததால் வேறுவிதமாக இருக்கமுடியாது. பார்க்க அப்பழுக்கற்ற அடுக்குக்குறி. ஆனால் மனிதர் குட்டி போடும் வேகம் நமக்குத் தெரியும். ஆண்டுக்கு மூன்று சதவீதம் என்ற மிக வேகமான பெருக்கத்தை வைத்தாலும் 68 பேர் பத்தாண்டில் 91 பேராவார்கள். மீதிப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் அந்தச் சார்புக்குள் பிறக்கவில்லை. வெளியிலிருந்து வந்தார்கள்.

ஒரு பகுதியினர் பட்டுப்போன கோப்பித் தோட்டங்களிலிருந்து. மற்றவர்கள் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணியின் முன்பணக் கடனோடு. 1876இலிருந்து 1878வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. அந்த ஆண்டுகளில் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்களில் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். கோப்பிக்கு ஆள் வேண்டியது பழம் எடுக்கும் பருவத்தில்; வந்தவர்கள் பருவம் முடிந்து ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுதும் கொழுந்து எடுக்கவேண்டும், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பவேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், லயம் நிரந்தரமாயிற்று. கணிதத்தின் மொழியில் சொன்னால், தொழிலாளர் சமன்பாட்டில் "இருப்பதற்கு விகிதசமம்" என்ற உறுப்பு மிகச் சிறியது. வெளியிலிருந்து சேர்க்கப்படும் உறுப்புத்தான் கோட்டைத் தூக்குகிறது. கடனும் பஞ்சமும் அந்த உறுப்புக்குள் இருக்கின்றன.

அன்று கரும்பலகையில் ஒரு மாணவன் வரைந்த படத்தை நான் அழிக்கவில்லை. 1880இலிருந்து 1890வரை ஏறும் கோட்டின் கீழே ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அம்புக்குறி போட்டிருந்தான். எல்லா அம்பும் இடப்பக்கத்திலிருந்து வந்தது. இந்தியா இடப்பக்கம்தானே என்றான்.

அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். முப்பத்தோரு வருடம் கொழுந்து எடுத்தவர். இலட்சம், கோடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஓரிடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"18 கிலோவென்று போட்டாயே, அது நிறுத்ததா, எழுதினதா?"

விளங்கவில்லை என்றேன்.

"தராசில் 20 காட்டும். ஈரத்துக்கு, கூடைக்கு என்று இரண்டு கிலோ கழித்துத்தான் கொப்பியில் 18 விழும். வெயில் அடித்தாலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். கழித்ததும் ஸ்டோருக்குத்தானே போகிறது, ஆற்றிலா கொட்டினார்கள்?"

அம்மா வேலை செய்த தோட்டத்தின் பழக்கம் அது. 1890க்கு அதை அப்படியே கொண்டுபோக முடியாது. கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஸ்டோருக்குப் போனது தலைக்கு 20 கிலோ என்றால் 10 கோடியே 30 இலட்சத்தை 20ஆல்தான் வகுக்கவேண்டும். 51 இலட்சத்து 50 ஆயிரம் பேர். எழுதின 18 கிலோவின்படி 57 இலட்சத்து 20 ஆயிரம். இடையில் 5 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு உரிய கொழுந்து பறிக்கப்பட்டிருக்கும், பேர் விழுந்திருக்காது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பிள்ளைகள் வருமுன் போய், கரும்பலகையில் 18க்குப் பக்கத்தில் "எழுதினது" என்று சேர்த்தேன்.